பாதியில் நின்றாலும் நூலகமாக இருப்பது எது? ஒரு மலையூர் நூலகத்தின் முன் நான்கு வழிகள்

எங்கள் ஊர் நீலகிரியில், குன்னூர் வட்டத்தில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே வயதில், இதே நிலையில் நிற்கும் நூலகக் கட்டடங்கள் மற்ற மலையூர்களிலும் உண்டு. இங்கே போடும் கணக்கு அவர்களுக்கும் உதவட்டும்.

பழைய நூலகத்தை என்ன செய்வது என்பதில் ஊர் நான்காகப் பிரிந்து நிற்கிறது. இருப்பதைச் செப்பனிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் இரண்டு தளம் எழுப்பச் சொல்கிறார்கள் சிலர். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்துக் காலி இடத்தில் புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கலாம் என்பது மூன்றாவது கருத்து. ஊருக்கு வெளியே தாராளமான இடம் பார்த்துப் புதிதாகக் கட்டிக்கொண்டு, பழையதை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்பது நான்காவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் மற்ற மூன்றையும் கேட்பவர்கள் நூலகத்தின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு என் பக்கத்தை மட்டும் பேசினால் அது ஒப்பீடு ஆகாது.

இப்போது இருப்பது

குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல். அதற்கு அடுத்த தலைமுறையில் எழுந்த கட்டடம் இது. ஒன்றரை அடிக்கும் அதிகமான கனத்தில் கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து, தேக்குக் கைமரங்கள், மங்களூர் ஓடு. உள்ளே ஒரே நீண்ட கூடம். அதன் ஒரு முனையில் கணப்பு, மறு முனையில் மரப்படி ஏறினால் ஒரு மரப்பரண். தெருவைப் பார்த்த சன்னல்கள் உயரமானவை. மார்கழியில்கூடப் பிற்பகல் மூன்று மணி வரை விளக்கு போடாமல் படிக்கலாம். பின்பக்கச் சுவர் மலைச் சரிவை ஒட்டி நிற்கிறது.

அந்தப் பின்சுவரில்தான் நோய். பல ஆண்டுகளுக்கு முன், நல்ல எண்ணத்தோடுதான், அதற்குச் சிமெண்ட் பூச்சு பூசினார்கள். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயில் நாட்களில் அதே ஈரத்தைக் காற்றில் விட்டு உலர்ந்துகொள்ளும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. ஏறும் இடமெல்லாம் உப்பு பூத்து வண்ணப்பூச்சு உரிகிறது. எங்கள் கூடத்தில் அந்தக் கோடு இப்போது மூன்றாவது தட்டு உயரத்துக்கு வந்திருக்கிறது.

அந்தச் சுவரை ஒட்டிய அலமாரியில் நாவல்கள் இருக்கின்றன. கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அட்டை விரலுக்கு மெத்தென்று அமுங்கும். பக்கங்களின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை, முதல் அத்தியாயத்தில் ஓர் எழுத்தைத் தின்று, அதே இடத்தில் நூறாம் பக்கத்திலும் இன்னோர் எழுத்தைத் தின்றிருக்கும். நூலகர் அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தட்டுக்குத் தட்டு பாச்சை உருண்டை போட்டு, வெயில் அடிக்கும் நாளில் நூல்களை வாசலில் பாய் விரித்துக் காயவைக்கிறார். அவர் ஒருவரால் செய்யக்கூடியதை எல்லாம் செய்கிறார். ஆனால் அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால் பூஞ்சை பிடிப்பதை எந்த உருண்டையும் தடுக்காது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுத்துப் பெய்யும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இந்தக் கூடம் உலர்வதே இல்லை.

இன்னொரு பிரச்சினை இடநெருக்கடி. காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், சனிக்கிழமை வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே ஆறு மேசைதான். சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் படகர் ஊர்களிலிருந்தும் வருகிறார்கள், லயன்கள் என்னும் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. லயன் வீட்டில் படிப்பதற்கென்று தனி அறை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு நூலக மேசை வெறும் வசதி இல்லை. படிப்பதற்கு இருக்கும் ஒரே இடம்.

முதல் வழி: செப்பனிடுவது மட்டும்

மலிவானது, விரைவானது, அனுமதிச் சிக்கல் குறைந்தது. கூரையைப் பிரித்து உடைந்த ஓடுகளை மாற்றுவது, உளுத்த கைமரங்களை மாற்றுவது, சிமெண்ட் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவது, சுவருக்குப் பின்னால் ஆழமான கால்வாய் வெட்டி மலைத் தண்ணீரைத் திருப்பிவிடுவது, பழைய மின்கம்பிகளை மாற்றுவது. இவ்வளவுதான் பட்டியல்.

இது நடக்கக்கூடிய வேலைதான் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா இடிபாடாகக் கிடந்தது. மாவட்ட நிர்வாகம் அதை எடுத்துச் சீரமைத்தது. இன்று அது நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் ஆவணக் காட்சியகமாக இருக்கிறது. அந்த நிலையிலிருந்தே ஒரு வீட்டை மீட்க முடிந்தது என்றால், நான்கு சுவரும் நேராக நிற்கும் எங்கள் கூடத்தை மீட்பது பெரிய காரியமல்ல.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுச் சாந்தைப் புளிக்கவைத்து, ஒரு பூச்சு இறுகும் வரை காத்திருந்து அடுத்ததைப் பூச வேண்டும். கோயில் திருப்பணிகளில் வேலை செய்த கொத்தனார்களைச் சமவெளியிலிருந்து அழைத்து வர வேண்டியிருக்கும். மழையிலும் செய்ய முடியாது. இரவில் உறைபனி விழும் நாட்களிலும் செய்யக் கூடாது, ஏனென்றால் ஈரச் சாந்துக்குள் நீர் உறைந்தால் பூச்சு பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே பனி விலகும் பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கு மாதங்கள்தான் கையில் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டுச் சுண்ணாம்பில் சிமெண்டைக் கலந்தால் செலவழித்த பணமெல்லாம் வீண். மேற்பார்வை பார்க்க விவரம் தெரிந்தவர் ஒருவர் தினமும் அங்கே நின்றாக வேண்டும்.

ஆனால் எல்லாம் சரியாக முடிந்த பிறகும் மேசை ஆறுதான். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வாசல் பீடம் மூன்றடி உயரம். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் தளம் போட வேண்டுமென்றால் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். முன்வாசலில் அவ்வளவு இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். அதன் பிறகும் படியேற முடிந்தவர்களுக்கு மட்டுமான நூலகத்தைப் புதுப்பித்துத் திறந்துவைத்தால் அது எனக்கு வெட்கமாக இருக்கும்.

பரணைப் பயன்படுத்தலாமே என்பார்கள். நூலின் எடையைப் பலர் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமையைச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ கணக்கிடச் சொல்கிறது. நூல் அடுக்கும் அறைக்கு அதே அளவை 600 கிலோவாக உயர்த்துகிறது, அதுவும் 2.2 மீட்டர் உயர அலமாரி வரைதான். அதற்கு மேல் உயரம் கூடக் கூடச் சுமைக் கணக்கும் கூடும். நூறாண்டு மரப்பரண் மேல் இரும்பு அலமாரிகளை ஏற்றுவது கீழே உட்கார்ந்திருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது. பரணில் இரண்டு மேசை போடலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் வழி: இடித்துக் கட்டுவது

இதைச் சொல்பவர்களைப் பழமையை மதிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியும் அல்ல. அவர்கள் கேட்பதெல்லாம் நியாயமான தேவைகள்: நூல் சுமையைத் தாங்கும் தளம், சாய்தளம், கழிப்பறை, கணினி அறை, பிள்ளைகளுக்குத் தனி இடம். புதிய கட்டடத்தில் இவற்றை முதல் நாளே வரைபடத்தில் சேர்த்துவிடலாம். பழைய கூடத்தில் ஒவ்வொன்றையும் போராடித்தான் நுழைக்க வேண்டும்.

ஆனால் மலையில் கட்டுவதற்கென்று விதிகள் இருக்கின்றன. மலை நகரங்களுக்கான தனிக் கட்டட விதிகள் 1993இல் வந்தன. நீலகிரியில் பெருந்திட்ட விதிகளின்படி கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் பழைய நூலகம் தெருவோரம் வரை வந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இடித்தால் அந்த உரிமை போய்விடும். முன்னும் பின்னும் பக்கத்திலும் இடைவெளி விட்டுப் பார்த்தால் எங்கள் மனையில் ஒரு தளத்துக்குக் கிடைக்கும் பரப்பு, இன்றுள்ள கூடத்தைவிடச் சுருங்கும். இரண்டு தளமாகக் கட்டினாலும் மாடிப்படி, கழிப்பறை, நடைபாதை எல்லாம் போக மிஞ்சும் படிப்பிடம் எவ்வளவு என்பதை, இடிக்கச் சொல்பவர்கள் ஒரு காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டும். நான் வரைந்து பார்த்தேன். சில மேசைகளுக்கு மேல் லாபமில்லை.

இரண்டாவது, பின்பக்கச் சரிவு. இன்றைய பின்சுவர் அந்த மண்ணுக்கு அணைப்பாகவும் நின்றுகொண்டிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சரிவை வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். இந்த மாவட்டத்தில் பொக்லைன் இறக்கவே நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததல்ல. 2009 நவம்பர் மழையில் நீலகிரி நெடுகச் சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு பொதுக் கட்டடத்துக்காக, நிலைபெற்று நிற்கும் சரிவில் கை வைப்பதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். சில மேசைகள் அந்தக் காரணம் ஆகாது.

கான்கிரீட் கூரையின் கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். மொட்டைமாடி போட்டுச் சில பருவமழை பார்த்ததும் ஒழுகத் தொடங்கும். அதன் மேல் இரும்புக் கம்பம் நட்டுத் தகரக் கூரை போடுவார்கள். குன்னூரிலிருந்து உதகை வரை பஸ் சன்னலில் பார்த்துக்கொண்டே போனால் இப்படிக் கூரைக்கு மேல் கூரை போட்ட கட்டடங்கள் வரிசையாக வரும். கடைசியில் சாய்கூரைக்குத்தான் திரும்பப் போகிறோம் என்றால், முறையாக வேயப்பட்ட சாய்கூரையை ஏன் இடிக்க வேண்டும்?

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, இடித்த நாளுக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது. நூல்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஏதோ ஒரு கிட்டங்கிக்குப் போகும். வாடகை அறை ஒன்றில் நாளிதழ் மட்டும் போடுவார்கள். வேலை ஓராண்டில் முடியலாம். முடியாமலும் போகலாம்.

நான்காம் வழி: ஊருக்கு வெளியே

வரிசையை மாற்றி நான்காவதை இப்போதே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. மேட்டில் தட்டையான இடம் இருக்கிறது, வாகனம் நிறுத்தலாம், தோட்டம் போடலாம். படத்தில் அழகாக இருக்கும்.

ஆனால் எங்கள் வாசகர்கள் வருவது பஸ்ஸில். பள்ளி விட்டு இறங்கி, ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டு, எஸ்டேட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பார்கள். மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப்பகுதிக்கும் வந்த பிறகு மாணவிகளுக்கு இது இன்னும் எளிதாகியிருக்கிறது. பழைய நூலகம் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். மேட்டு நிலத்துக்குப் போக வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டத்து நடுவே ஏற்றச் சாலையில் நடக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் நிற்கும் காட்டெருமை தெரியாது. கரடி நடமாட்டமும் அந்தப் பக்கம் உண்டு. எந்தத் தாயும் தன் மகளை அங்கே அனுப்ப மாட்டாள், அனுப்பாதது சரியும்கூட. பெண்பிள்ளைகள் வர முடியாத நூலகத்தில் எத்தனை ஆயிரம் நூல் இருந்து என்ன?

பழைய கட்டடத்தை அருங்காட்சியகம் ஆக்குவது என்பதும் எனக்கு உவப்பில்லை. கதவு தினமும் திறந்து, ஆள் நடமாட்டம் இருந்தால்தான் மரமும் சுவரும் காற்று வாங்கி நிற்கும்.

மூன்றாம் வழி: பழையதோடு புதியது

நூலகத்துக்குப் பக்கவாட்டில், முன்பு காவலர் குடில் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அது ஏறக்குறைய சமதளம், மலையை வெட்ட வேண்டியதில்லை, தெருமட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தளத்தில் புதிய பகுதி கட்டுவது, பழைய கூடத்தை முதல் வழியில் சொன்ன முறைப்படி சீரமைப்பது. இதுதான் நான் கேட்பது.

இதன் மையமான யோசனை கட்டடத்தின் தோற்றத்தைப் பற்றியதல்ல. எடையையும் ஆட்களையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதைப் பற்றியது. நூல்களின் பாரமும் ஈரத்துக்கு அஞ்சும் அலமாரிகளும் புதிய பகுதிக்குப் போகட்டும். அங்கே கான்கிரீட் தளம் நேராகத் தரைமேல் இருக்கும், 600 கிலோ கணக்கை எளிதாகத் தாங்கும், ஈரத்தடுப்பு அடுக்கை அடித்தளத்திலேயே போட்டுவிடலாம். கழிப்பறைகளும் சாய்தளமும் அங்கேதான். உயர்ந்த சன்னலும் நல்ல வெளிச்சமும் உள்ள பழைய கூடம் முழுக்க வாசிப்பறையாக மாறட்டும். சுவரோர அலமாரிகள் போய்விட்டால் அங்கே மேசை இரண்டு மடங்காகும். பின்சுவரும் காற்றாடி உலரும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் மாநிலத்தின் தலைமை நூலகத்திலேயே இருக்கிறது. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896இல், ஹென்றி இர்வின் வடிவமைத்த கூடத்தில் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடியும் செதுக்கிய மரமும் கொண்ட அந்தக் கூடத்தால் வளர்ந்துகொண்டே போன நூல் தொகையைத் தாங்க முடியாத நிலை வந்தது. 1970களில் பக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பினார்கள். பழைய கூடத்தை இடிக்கவில்லை. அன்றாடப் புழக்கம் புதியதில், அரிய பழைய நூல்கள் பழையதில் என்று இரண்டும் இன்று வரை சேர்ந்தே இயங்குகின்றன. நாங்கள் கேட்பது அதையே தலைகீழாக, சிறு அளவில்: நூல் புதியதில், வாசகர் பழையதில்.

உதகையில் ராபர்ட் சிஸம் 1860களில் வடிவமைத்த நீலகிரி நூலகமும் அதே கட்டடத்தில் தொடர்கிறது. அது சந்தா செலுத்தும் உறுப்பினர்களின் நூலகம். நம்முடையது வரிப் பணத்தில் நடக்கும் பொது நூலகம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. ஆனாலும் இந்த ஈரத்திலும் குளிரிலும் அந்தக் காலத்துக் கட்டடம் ஒன்றில் நூல்களைக் காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இந்த வழியில் எளிதில் தவறு நேரும் இடங்கள் இரண்டு.

ஒன்று, இரண்டு கட்டடமும் சேரும் மூட்டு. பழைய சுவர் நூறாண்டாக மண்ணில் அமர்ந்து இறுகிவிட்டது. புதியது முதல் சில மழைக்காலங்களில் சற்று அமரும். இரண்டையும் சுவரோடு சுவராகப் பிணைத்தால் விரிசல் நிச்சயம், ஒழுக்கும் நிச்சயம். ஆகவே நடுவில் ஆறேழு அடி இடைவெளி விட்டு, தனித்தனி அடித்தளத்தில் நிறுத்தி, இடையில் தாழ்ந்த கூரையுள்ள ஒரு நடையால் மட்டும் இணைக்க வேண்டும். புதிய கூரை பழைய கூரையின் விளிம்புக்குக் கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் பழைய ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் இரண்டு சரிவுக்கும் நடுவே தேங்காமல் ஓடும். பழைய கூடத்திலிருந்து நடைக்கு இறங்கும் மூன்றடியும் இந்த இடைவெளியில்தான் சமாளிக்கப்பட வேண்டும்: சாய்தளம் புதிய பகுதியின் நீளம் முழுக்க, அலமாரிகளுக்குப் பக்கத்திலேயே மெல்ல ஏறி வந்து கூடத்தில் முடியலாம். சக்கர நாற்காலியில் வருபவர் பின்வாசல் வழியாக அல்ல, எல்லோரும் வரும் வழியிலேயே வருவார்.

இரண்டாவது, ஆள். கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரு நூலகர், கூட இருந்தால் ஓர் உதவியாளர். இரண்டு கட்டடத்துக்கு இரண்டு மேசை போட்டு வரைந்துவிட்டால், ஆளில்லாத ஒரு பகுதி சீக்கிரமே பூட்டிக் கிடக்கும். நூலகரின் மேசை அந்த இணைப்பு நடையில், இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். புதிய பகுதியில் அலமாரிகள் அந்த மேசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், குறுக்கே மறைக்கக் கூடாது. கட்டடக் கலைஞரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். முகப்பு வளைவுகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புதிய பகுதியின் அளவை முடிவு செய்வதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், மூன்று நான்கு படிகளாக வந்த நூல்கள், ஒட்டுப்போட முடியாத அளவுக்குச் செல்லரித்தவை ஆகியவற்றை முறைப்படி பதிவிலிருந்து நீக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்கிறது. வளரும் உயிர் உதிர்க்கவும் செய்யும். ஆனால் நீலகிரியைப் பற்றிய பழைய அறிக்கைகள், கெசட்டியர்கள், கட்டிவைத்த இதழ்த் தொகுதிகள், படகர் வழக்காறுகளையும் தோடர் வாழ்வையும் பதிவு செய்த நூல்கள் ஒன்றுகூடப் போகக் கூடாது. எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி. அவை வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. பரணின் ஓரத்தில் அல்லாமல், புதிய பகுதியின் மிக உலர்ந்த மூலையில் அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வேண்டும்.

பணம்

செலவுத் தொகைகளை நான் எழுதவில்லை. பொறியாளர் மதிப்பீடு வராமல் எண்ணைச் சொல்வது பொறுப்பற்றது. ஆனால் பணம் எப்படி வரும் என்பது தெரிந்ததே. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படி நாம் கட்டும் சொத்துவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. சிறிய ஊரில் சொத்துவரியும் சிறியது. நம் வரியை மட்டும் வைத்து நாம் கட்ட முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதி அரசிடமிருந்து வரும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி இருக்கிறது. கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலத்தோடு சேர்ந்து பொது நூலகங்களுக்கு உதவுகிறது. இவற்றோடு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும் உண்டு.

கவனிக்க வேண்டியது, இவற்றில் எதுவும் ஒரே தவணையில் முழுத் தொகையாக வராது என்பது. ஒன்று இந்த நிதியாண்டில் வரும், ஒன்று அடுத்ததில் வரும். நடுவில் தேர்தல் வரும், அதிகாரி மாறுவார், கீழிருந்து ஏறி வரும் மணலின் விலை கூடும், மழை முந்திக்கொள்ளும். மலையில் பாதியில் நின்று கம்பி துருப்பிடித்துக் கிடக்கும் கட்டடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே நான்கு வழிகளையும் நான் கடைசியாக ஒரே கேள்வியால் அளக்கிறேன்: பணம் பாதியில் நின்றுபோனால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

இடித்துக் கட்டும் வழியில் மிஞ்சுவது ஒரு பள்ளமும், கிட்டங்கியில் மூட்டைகளும். ஊருக்கு வெளியே கட்டினால், முடியாத ஒரு கட்டடமும், இனி யாரும் பராமரிக்கக் கை நீட்டாத பழைய நூலகமும். செப்பனிடும் வழி பாதியில் நின்றாலும் கூரை சரியான நூலகம் இருக்கும்; அது அந்த வழியின் பெரிய பலம். மூன்றாவது வழி அந்தப் பலத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. முதல் தவணையில் கூரையும் பின்பக்கக் கால்வாயும். இரண்டாவதில் புதிய பகுதியின் சுவரும் கூரையும் கழிப்பறைகளும். நூல்கள் அங்கே போன பிறகு, காலியான பழைய கூடத்தில் பின்சுவர்ப் பூச்சு. எந்தப் படியில் நின்றாலும் மறுநாள் காலை நூலகர் கதவைத் திறப்பார், நாளிதழ் மேசைக்கு வரும். வேலை நடக்கும்போதும் ஏதாவது ஒரு பகுதி திறந்தே இருக்கும். மற்ற எந்தப் பெரிய வழியிலும் இது நடக்காது.

பூச்சைக் கூரைக்கு முன்னால் செய்யச் சொல்லி ஒரு கருத்து இருக்கிறது, திறப்பு விழாவுக்கு வெள்ளையடித்த சுவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவரைத் தொட்டால் ஒரே மழைக்காலத்தில் அதே கோடு திரும்ப வரும்.

என் முடிவு ஓர் ஆய்வைப் பொறுத்து மாறக்கூடும். பின்சுவரின் இரு முனையிலும் நடுவிலும் விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்து ஒரு மழைக்காலம் கவனிக்க வேண்டும். கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவரின் அசைவு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். மேலே சொன்ன வரிசைப்படி போகலாம். உடைந்தால் சரிவு இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கூரைக்கும் முன்னால் புவியியல் துறையினரை அழைத்து, தடுப்புச்சுவர் வேலையை முதல் தவணைக்குக் கொண்டுவந்து, புதிய பகுதியைத்தான் முதலில் கட்டி வாசகர்களை அங்கே மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடித் துண்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் பதித்துவிட வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் கேட்டிருக்கிறேன்.